சிறு தொழில்களுக்கான மென்பொருள் நிறுவனம் நடத்துவது பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு தொழில் நடத்துபவர்கள் பில் போடவும் ஸ்டாக் பார்க்கவும் வரவு செலவு எழுதவும் ஒரு மென்பொருள் செய்து விற்கிறோம். பதினோரு பேர் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம். இதே போல ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் வந்து பேசுவதுண்டு. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். நேரில் பேசும்போது அவசரத்தில் பாதிதான் சொல்ல முடிகிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

எப்படித் தொடங்கினீர்கள்?

ஒரு மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறையில் தொடங்கியது. அப்போது நான் ஒப்பந்த அடிப்படையில் மற்றவர்களுக்கு நிரல் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பட்டறைக்காரர் தொழிலில் கெட்டிக்காரர். ஆனால் எந்த வேலைக்கு எந்த உதிரிபாகம் போனது, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் கொஞ்சம் நோட்டிலும் மீதி அவர் தலையிலும் இருந்தது. ஒருமுறை உடம்பு சரியில்லாமல் ஒரு வாரம் படுத்துவிட்டார். அந்த வாரம் வேலை நடந்தது, வசூல் நடக்கவில்லை. யாரிடம் என்ன கேட்பது என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. அவருக்காக எழுதிய சின்ன நிரல்தான் எங்கள் முதல் பதிப்பு.

இந்தத் துறையின் பல நிறுவனங்கள் இப்படித்தான் பிறந்திருக்கின்றன என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 1981-ல் தொடங்கிய சேஜ் நிறுவனத்தின் பின்னால், தன் அச்சகத்துக்கு மதிப்பீடு போடுவதை எளிதாக்க நினைத்த ஓர் அச்சக உரிமையாளர் இருந்தார். மனைவி வீட்டுப் பில்களோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்த ஸ்காட் குக், 1983-ல் டாம் புரூவுடன் சேர்ந்து இன்ட்யூட்டைத் தொடங்கினார். ஃப்ரெஷ்புக்ஸ் நிறுவனர் ஒரு பழைய இன்வாய்ஸின் மேலேயே புதியதைச் சேமித்து, பழையதை இழந்த எரிச்சலில் தன் மென்பொருளை எழுதத் தொடங்கினார். கண்ணெதிரே ஒருவர் திண்டாடுவதைப் பார்த்ததுதான் எல்லோருக்கும் தொடக்கம். சந்தை ஆய்வெல்லாம் அதற்கு அப்புறம் வந்தது.

என்ன செய்ய வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்வது? வாடிக்கையாளர் கேட்பதையெல்லாம் செய்ய வேண்டுமா?

கேட்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஆனால் முடிவை அவர் வேலை செய்யும் இடத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு எடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஆரம்பத்தில் நான் எல்லாவற்றையும் பேசித்தான் தெரிந்துகொண்டேன். "என்ன வசதி வேணும்?" என்று கேட்பேன், அவர்கள் சொல்வார்கள், எழுதிக்கொண்டு வருவேன். பல மாதம் உழைத்து அறிக்கைகள் செய்தோம். விதவிதமான வரைபடங்கள், பிராந்திய வாரியாக விற்பனை, எல்லாம். கேட்டவர்களே அவற்றைத் திறந்து பார்க்கவில்லை. கேட்டபோது பொய் சொல்லவில்லை. தன் தொழிலைப் பற்றி அமைதியாக யோசிக்கும்போது மனிதருக்குத் தேவைப்படுவது வேறு, இரவு கணக்கு முடிக்கும்போது தேவைப்படுவது வேறு.

அப்புறம் ஒரு மொத்த விற்பனைக் கிடங்கில் முழு நாள் உட்கார்ந்தேன். பேசவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். பில் போடுபவர் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தட்டச்சு செய்தார். ஒரு பில்லைப் பாதி போட்டிருப்பார், அதற்குள் லாரி வந்து நிற்கும், எழுந்து போவார். திரும்பி வரும்போது வேறொருவர் அவசரமாக நிற்பார். பாதிப் பில்லை அழித்துவிட்டுப் புதிய பில் போடுவார். பிறகு பழையதை முதலிலிருந்து மறுபடியும். ஒரே நாளில் இதைப் பலமுறை பார்த்தேன். ஒருமுறைகூட அவர் எங்களிடம் இதைப் பற்றிப் புகார் செய்ததில்லை. கணினி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பழகிவிட்டார்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் செய்த முதல் வேலை, பாதியில் விட்ட பில் அப்படியே நிற்க வேண்டும், எத்தனை பில் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கலாம் என்று மாற்றியதுதான். எங்களைப் பற்றி மற்றவர்களிடம் நல்ல வார்த்தை சொல்பவர்கள் இன்றைக்கும் முதலில் குறிப்பிடுவது இந்த வசதியைத்தான்.

போய் உட்காரும்போது திரைக்கு வெளியே பாருங்கள். மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் காகிதத் துண்டுகள், மேசை இழுப்பறையில் இருக்கும் இரண்டாவது நோட்டு, கால்குலேட்டர். மென்பொருள் இருக்கும்போதே ஒருவர் கால்குலேட்டரை எடுக்கிறார் என்றால் அந்த இடத்தில் நாம் எதையோ செய்யாமல் விட்டிருக்கிறோம். இன்ட்யூட்டில் வாங்கியவருடன் அவர் வீட்டுக்கே போய், அவர் மென்பொருளைப் பயன்படுத்துவதைப் பார்க்கும் பழக்கம் இருந்தது. வீட்டுக் கணக்குக்காகச் செய்த குயிக்கனைப் பலர் தங்கள் தொழில் கணக்குக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் அவர்கள் இப்படிக் கவனித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். கணக்கியல் படிக்காதவர்களுக்கான குயிக்புக்ஸ் 1992-ல் வந்ததற்கு அதுதான் காரணம்.

எக்செல் இருக்கும்போது எங்கள் மென்பொருளை யார் வாங்குவார்கள்?

நியாயமான கேள்வி. 1979-ல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் எக்செலுக்கு முன்னோடியான விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளைக் கொண்டுவந்த நாளிலிருந்து, சிறு தொழில்களின் உண்மையான மென்பொருள் விரிதாள்தான். எங்களுக்கும் இன்றுவரை பெரிய போட்டி அதுதான்.

கணக்கை ஒருவர் மட்டும் எழுதுகிறார், பில்களும் குறைவு என்றால், டெமோ கேட்டு வருபவரிடம் "எக்செலிலேயே இருங்கள்" என்று நானே சொல்லியிருக்கிறேன். இரண்டாவது ஆள் அதே கோப்பைத் திறக்க ஆரம்பிக்கும் நாளில்தான் விரிதாள் உடைகிறது. யாருடையது கடைசிப் பிரதி, எந்த எண்ணை யார் மாற்றினார்கள் என்று தெரியாமல் போகும். அன்றைக்கு அவர் நம்மைத் தேடி வருவார். நேர்மையாகத் திருப்பி அனுப்பியவரிடம்தான் முதலில் வருவார் என்பது என் அனுபவம். ஒன்று மட்டும் கட்டாயம். அவருடைய விரிதாளை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ள நம்மால் முடிய வேண்டும். அதில் கலந்து கிடக்கும் தேதி வடிவங்கள், இரண்டு விதமாக எழுத்துக்கூட்டிய ஒரே வாடிக்கையாளர் பெயர், இதையெல்லாம் சமாளிக்கும் இறக்குமதித் திரைக்கு நாங்கள் செலவழித்த உழைப்பு வீண் போகவே இல்லை.

முதலீடு வாங்கலாமா?

நாங்கள் வாங்கவில்லை. அதனால் வாங்கக்கூடாது என்று சொல்ல மாட்டேன்.

வெளி முதலீடு இல்லாமல் வளர்ந்தவர்களில் பலர் முதலில் வேறு வேலை செய்து சம்பாதித்தார்கள். 37சிக்னல்ஸ் 1999-ல் வலைத்தள வடிவமைப்பு நிறுவனமாகத் தொடங்கியது. தங்கள் வேலைகளை ஒழுங்காக வைத்துக்கொள்ள எழுதிய பேஸ்கேம்ப்பை 2004-ல் வெளியிட்டார்கள். மொத்தமாக மின்னஞ்சல் அனுப்ப உதவும் மெயில்சிம்ப்பும் 2001-ல் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தின் பக்கவேலையாகத்தான் தொடங்கியது. வெளியாரிடம் முதலீடு வாங்காமலே இருபது ஆண்டு நடந்து, 2021-ல் சுமார் 1,200 கோடி டாலருக்கு இன்ட்யூட் வாங்கிக்கொண்டது. குழுவாக வேலை செய்பவர்களுக்கான மென்பொருள் விற்கும் அட்லாசியனின் நிறுவனர்கள் 2002-ல் கிரெடிட் கார்டுக் கடனில் தொடங்கினார்கள். பெரிய வெளி முதலீடு 2010-ல்தான் வந்தது.

மறுபக்கமும் உண்டு. ஜீரோ (Xero) என்ற கணக்கு மென்பொருள் நிறுவனம் 2006-ல் தொடங்கி அடுத்த ஆண்டே பங்குச்சந்தைக்குப் போய்ப் பணம் திரட்டியது. லாபத்துக்குப் பல ஆண்டுகள் காத்திருந்தது, பல நாடுகளுக்குப் பரவியது. பணப் பரிமாற்றம், சம்பளப் பட்டியல் மாதிரி உரிமமும் பெரிய கட்டமைப்பும் வேண்டிய துறையில் இறங்குகிறீர்கள் என்றால் முதலீடு இல்லாமல் தொடங்கவே முடியாமல் போகலாம்.

என் தயக்கம் வேகம் பற்றியது. சிறு தொழில்காரர் மெதுவாகத்தான் மாறுவார். கணக்கு ஆண்டு முடியட்டும் என்பார், கணக்காளரிடம் கேட்க வேண்டும் என்பார், மகள் படித்து முடித்து வந்து பார்த்துக்கொள்வாள் என்பார். அவர் அவசரப்படாமல் இருப்பதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. முதலீட்டாளரோ ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பாக வேண்டும் என்று எதிர்பார்க்கலாம். இரண்டு கடிகாரங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, தேவையில்லாத திட்டத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டும் நிலைக்கு வந்துவிடக் கூடாது என்று எனக்குப் பயம் இருந்தது.

நாங்கள் செய்தது இதுதான். வாரத்தில் இரண்டு நாள் ஒப்பந்த வேலை, மீதி நாள் எங்கள் மென்பொருள். இந்த எல்லையைக் காப்பாற்றுவது மிகவும் கடினம். ஒப்பந்த வேலை உடனே பணம் தரும், அதனால் எப்போதும் அதுவே அவசரமாகத் தெரியும். இரண்டு முறை நாங்கள் வழுக்கினோம். ஒருமுறை ஏறக்குறைய அரை ஆண்டு எங்கள் மென்பொருளில் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த அரை ஆண்டை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

விலை எப்படி வைப்பது? சந்தா நல்லதா?

சந்தாதான் என் தேர்வு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மாதம் 3 சதவீதம் பேர் விலகுகிறார்கள் என்று வையுங்கள். கேட்க சின்ன எண்ணாக இருக்கிறது. பன்னிரண்டு மாதம் கழித்து நூறு பேரில் 69 பேர்தான் மிஞ்சுவார்கள். 5 சதவீதம் என்றால் 54 பேர். அதாவது ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட பாதி. இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். மாதம் 10 புதியவர்கள் சேர்கிறார்கள், இருப்பவர்களில் 5 சதவீதம் போகிறார்கள் என்றால், மொத்த எண்ணிக்கை 200-ஐத் தாண்டவே தாண்டாது. இருநூறில் 5 சதவீதம் பத்து. வருபவரும் போகிறவரும் சமமாகிவிடுவார்கள். எவ்வளவு காலம் ஓடினாலும் அதே இடம்தான். விலகல் 3 சதவீதமாகக் குறைந்தால் அந்தக் கூரை 333-க்கு உயரும். விற்பனையைக் கூட்டி மாதம் 12 பேரைச் சேர்த்து, விலகலை 5-லேயே விட்டால் 240-தான்.

இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்ட அன்று, விளம்பரத்துக்கு வைத்திருந்த தொகையில் பெரும்பகுதியை எடுத்து, புதிதாகச் சேர்ந்தவர்களின் முதல் மாதத்தைக் கவனிக்க ஓர் ஆளை நியமித்தேன். முதல் மாதக் கணக்கை எங்களுடன் சேர்ந்து முடித்தவர்கள் பெரும்பாலும் தங்கிவிடுகிறார்கள்.

எல்லா விலகலும் நம் தவறல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சிறு தொழில்கள் மூடப்படுகின்றன. உரிமையாளருக்கு வயதாகிறது, கூட்டாளிகள் பிரிகிறார்கள். விலகுபவர்களை நானே கூப்பிட்டுப் பேசுவேன். மறுபடி பிடித்து இழுக்க அல்ல, காரணம் தெரிந்துகொள்ள. தொழிலையே மூடுகிறார் என்றால் அவருடைய பழைய கணக்குகளைத் தேவைப்படும் வரை கட்டணமில்லாமல் பார்க்க வழி செய்துகொடுப்போம். வரி அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தால் அவருக்கு அது வேண்டியிருக்கும்.

ஆண்டுச் சந்தாவை முன்பணமாக வாங்கினால் ஒரு எச்சரிக்கை. கையில் வந்த தொகை இன்னும் நம்முடையது ஆகவில்லை. பன்னிரண்டில் ஒரு பங்குதான் மாதாமாதம் நம்முடையதாகிறது. மீதி, செய்ய வேண்டிய வேலைக்கான கடன். கணக்கு மென்பொருள் செய்யும் நாமே இதை மறந்து அந்தப் பணத்தில் ஆள் எடுத்தால் அடுத்த ஆண்டு சம்பளத்துக்குத் திணற வேண்டியிருக்கும்.

இலவசத் திட்டம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மெயில்சிம்ப் 2009-ல்தான் அதைக் கொண்டுவந்தது. கட்டணம் வாங்கி எட்டு ஆண்டு பழகிய பிறகு. யார் எதற்காகப் பணம் தருகிறார்கள் என்பது தெரிந்த பிறகு இலவசம் கொடுக்கலாம். தொடக்கத்திலேயே கொடுத்தால் அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்காது.

எந்த நிரல்மொழியில் எழுத வேண்டும்?

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மொழியில். வேறு எதுவும் சொல்வதற்கில்லை.

அதைவிட முக்கியமான தொழில்நுட்ப முடிவுகள் வேறு இருக்கின்றன என்கிறீர்களா?

ஆமாம். பணத்தை எப்படிச் சேமிக்கிறீர்கள் என்பது. பெரும்பாலான மொழிகளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3 வராது, மிகச் சிறிய வால் ஒன்றோடு வரும். ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு 1985-ல் வகுத்த 754 என்ற தரப்படி, கணினி பின்ன எண்களை இரண்டின் அடிமானத்தில் வைத்துக்கொள்கிறது. பத்தில் ஒன்றை அதில் துல்லியமாக எழுதவே முடியாது. ஒரு பில்லில் இது தெரியாது. ஆயிரக்கணக்கான பில்களைக் கூட்டும்போது கடைசி இலக்கம் நகர்ந்துவிடும். நாணயத்தின் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வையுங்கள், அல்லது தரவுத்தளத்தின் தசம வகையைப் பயன்படுத்துங்கள். முதல் நாளிலேயே செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்தது முழுமையாக்குதல், அதாவது தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கத்தோடு நிறுத்துவது. ஒரு பில்லில் மூன்று பொருட்கள், ஒவ்வொன்றுக்கும் வரி 0.335 என்று வருகிறது. பொருள் வாரியாக முழுமையாக்கினால் 0.34 மூன்று முறை, மொத்தம் 1.02. கூட்டிவிட்டு முழுமையாக்கினால் 1.005, அதாவது 1.01. இரண்டும் கணக்குப்படி சரி. ஆனால் வாங்கியவருடைய மென்பொருள் ஒரு முறையிலும் நம்முடையது இன்னொரு முறையிலும் போட்டால், இரண்டு தொழில்காரர்கள் 0.01-க்காக ஒரு மாலை முழுவதும் போனில் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த நாட்டு வரி விதி எந்த முறையைச் சொல்கிறது என்று பார்த்து, அதை அமைப்பில் மாற்றும்படி வையுங்கள்.

பில் எண்ணும் அப்படித்தான். பல நாடுகளின் வரிச் சட்டம் பில் எண்கள் விடுபடாமல் வரிசையாக வர வேண்டும் என்கிறது. தரவுத்தளம் தானாகத் தரும் வரிசை எண்ணை நம்பினால், பாதியில் தடைபட்ட ஒரு பதிவு எண்ணைத் தின்றுவிட்டுப் போகும். 1047-க்கு அப்புறம் 1049. ஆண்டு முடிவில் ஆடிட்டர் 1048 எங்கே என்பார். பதில் சொல்ல முடியாமல் நிற்பது நம் வாடிக்கையாளர். பில் உறுதியாகும் அதே தரவுத்தளப் பரிவர்த்தனைக்குள் எண்ணை ஒதுக்குங்கள், அதாவது இரண்டும் சேர்ந்தே பதிய வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே பதியக்கூடாது. கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை.

பதிவை அழிக்கும் பொத்தானே வேண்டாம். தவறான பதிவுக்கு எதிர்ப்பதிவு போட்டு நேர் செய்வதுதான் முறை. வெனிஸ் வணிகர்களின் இரட்டைப் பதிவு முறையை லூக்கா பாச்சோலி 1494-ல் அச்சில் விளக்கினார். பற்று இருந்தால் வரவும் இருக்க வேண்டும் என்ற அந்த ஒழுங்கு இத்தனை நூற்றாண்டு கழித்தும் தவறைக் காட்டிக்கொடுக்கிறது. நிரலாளர்களுக்கு அழித்துத் திருத்துவது இயல்பாக வரும். எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் நிரலாளர் முதல் வாரம் நிரல் எழுதுவதில்லை, பேரேடு எழுதப் பழகுகிறார்.

நீங்கள் செய்த மிகப் பெரிய தவறு எது?

காப்புப் பிரதி. பேக்கப் தினமும் ஓடிக்கொண்டிருந்தது. "வெற்றி" என்று தினமும் காலையில் மின்னஞ்சலும் வந்தது. ஒருநாள் இரவு தரவுத்தளத்தை மேம்படுத்தும்போது ஏதோ சிதைந்தது. சரி, பேக்கப்பை எடுப்போம் என்று திறந்தால், கோப்பு பாதியில் நின்றிருந்தது. வட்டு நிறைந்து பல நாள் ஆகியிருக்கிறது. எங்கள் நிரல் கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து "வெற்றி" என்று அனுப்பிக்கொண்டிருந்தது. அதை எழுதியவன் நான்.

வேறொரு சர்வரில் சோதனைக்காக எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து பெரும்பகுதியை மீட்டோம். சிலருக்கு ஒன்றரை நாள் பதிவுகள் போய்விட்டன. மறுநாள் காலை அவர்கள் ஒவ்வொருவரையும் நானே கூப்பிட்டேன். என்ன நடந்தது, எது போனது, எது இருக்கிறது என்று சொன்னேன். பிறகு நாங்கள் எல்லோரும் பிரிந்து போய், அவர்களுடைய அச்சிட்ட பில்களையும் ரசீதுகளையும் வைத்து, கூடவே உட்கார்ந்து மறுபடி பதிந்தோம். ஒருவர் கோபத்தில் ஒரு வார்த்தை பேசாமல் ரசீதுக் கட்டை மட்டும் என் முன்னால் வைத்தார். அவருடைய கோபம் முழுக்க நியாயம். அவர் பிறகு எங்களை விட்டு விலகவில்லை. அதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்கள் தங்கள் நிரல்களை வைத்துப் பராமரிக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவை அழித்துவிட்டார். ஐந்து விதமான காப்பு ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்னால் எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. மீட்பு வேலையை எல்லோரும் பார்க்கும்படி நேரலையில் வைத்தார்கள். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

இப்போது எங்களிடம் ஒரு நடைமுறை இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் ஒருவர் பேக்கப்பை வெறுமையான ஒரு கணினியில் மீட்டெடுத்து, சில நிறுவனங்களின் பற்று வரவு இருப்புப் பட்டியல் உயிரோடு இருக்கும் தரவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில் என்ற பழைய விதி நல்ல விதிதான். ஆனால் மீட்டுப் பார்க்காத பிரதியை நாங்கள் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

நிரலை முழுசாக மறுபடி எழுதலாமா?

வேண்டாம். நெட்ஸ்கேப் தன் உலாவியை அடியோடு திரும்ப எழுத இறங்கியது. 1997-ல் நான்காம் பதிப்பு வந்தது, அடுத்த பெரிய பதிப்பான ஆறு 2000 நவம்பரில்தான் வந்தது. அதற்குள் சந்தை கைமாறிவிட்டது. பழைய நிரலில் அசிங்கமாகத் தெரியும் ஒவ்வொரு நிபந்தனைக்கும் பின்னால் யாரோ ஒரு வாடிக்கையாளரின் சிக்கல் இருக்கும். துண்டு துண்டாக மாற்றுங்கள். நாங்கள் அச்சிடும் பகுதியை அப்படித்தான் மாற்றினோம். பழையதும் புதியதும் சில மாதங்கள் ஒன்றாக ஓடின.

சப்போர்ட் வேலையை எப்போது வேறு ஒருவரிடம் கொடுக்கலாம்?

முடிந்த அளவு தள்ளிப் போடுங்கள். கொடுத்த பிறகும் முழுசாக விட்டுவிடாதீர்கள். மாதக் கடைசியில் இரண்டு நாள் நான் இன்னும் போன் எடுக்கிறேன். எங்கள் நிறுவனத்தில் எல்லோரும் முறை வைத்து எடுக்கிறோம். ஒரே கேள்வி மூன்றாவது முறை வந்தால் பதிலை எழுதி வைப்பதோடு நிற்காமல், அந்தக் கேள்வி ஏன் எழுகிறது என்று திரையைப் பார்க்கிறோம். பல நேரம் ஒரு பொத்தானில் இருக்கும் சொல்லை மாற்றினாலே போதும். "சரிக்கட்டல்" என்று எழுதியிருந்த இடத்தில் "பாக்கியில் கழி" என்று போட்டோம். அந்த அழைப்புகள் நின்றுவிட்டன.

முதலில் எடுத்த ஆள் நிரலாளர் இல்லை. ஒரு தொழிலகத்தில் பல ஆண்டு கணக்கு எழுதிய அம்மா ஒருவர். போனில் இரண்டு வாக்கியம் கேட்டதுமே, "உங்க ஆரம்ப இருப்பு தப்பா ஏறியிருக்கு, அதைப் பாருங்க" என்பார். எங்களால் ஒரு மணி நேரம் தேடிக் கண்டுபிடிக்க முடியாதது. அவர் இன்னும் எங்களோடு இருக்கிறார். புதிய வசதி எதுவாக இருந்தாலும் அவர் சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே போகிறது.

பெரிய நிறுவனம் ஒன்று இதே மென்பொருளைக் கொண்டுவந்தால்?

கொண்டுவருவார்கள். மைக்ரோசாஃப்ட் 1991-ல் மணி (Money) என்ற மென்பொருளோடு குயிக்கனுக்குப் போட்டியாக வந்தது. 1994-ல் இன்ட்யூட்டையே வாங்கப் பார்த்தது, அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டதால் 1995-ல் கைவிட்டது. பிறகு சிறு தொழில்களுக்கென்று தனியாக ஒரு கணக்கு மென்பொருளும் கொண்டுவந்தது. இரண்டையும் 2009-ல் நிறுத்திவிட்டது. அதில் கணக்கு வைத்திருந்த சிறு தொழில்காரர்களை நினைத்துப் பாருங்கள். பெரியவர்களுக்கு இது பல பொருள்களில் ஒன்று. நமக்கு இருப்பது இது ஒன்றுதான். அதை வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லலாம்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தத் தொழில் என்ன ஆகும்?

ரசீதைப் படம் எடுத்தால் பதிவாக மாற்றித் தரும் வசதியை நாங்களும் சேர்த்திருக்கிறோம். உண்மையாகவே நேரம் மிச்சமாகிறது. ஆனால் இயந்திரம் படித்தது முன்மொழிவாக மட்டும் நிற்கும், ஒரு மனிதர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் பேரேட்டுக்குள் போகும். இயந்திரம் படித்தது எது, கையால் பதிந்தது எது என்ற அடையாளமும் நிரந்தரமாக இருக்கும். 6-ஐ 8 என்று படித்துவிட்டால் வரி கட்டுவது அவர்.

நிரல் எழுதுவது சுலபமாகியிருக்கிறது, அதனால் புதியவர்கள் நிறைய வருவார்கள். வரட்டும். கிடங்கில் ஒரு நாள் உட்கார்ந்து பார்ப்பது அதே அளவு நேரத்தைத்தான் இன்னும் எடுக்கிறது.

நீங்கள் மூடிவிட்டால், அல்லது உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், வாடிக்கையாளரின் கணக்குகள் என்ன ஆகும்?

தொடங்க நினைப்பவர்கள் கேட்பதில்லை, வாங்க வருபவர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒருவர் தன் தொழிலின் மொத்த நினைவையும் நம்மிடம் கொடுக்கிறார்.

எங்கள் மென்பொருளில் யாரும் எந்த நேரத்திலும், யாரையும் கேட்காமல், தன் எல்லாத் தரவையும் இறக்கிக்கொள்ளலாம். பதிவுகள் எக்செலில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்புகளாகவும் பில்கள் பிடிஎஃப் ஆகவும் வரும். வேறு மென்பொருளுக்குப் போகத் தேவையான ஆரம்ப இருப்புகளும் அதில் இருக்கும். சந்தா கட்டாதவருக்கும் இது உண்டு. விலகுவதைச் சுலபமாக்கினால் போய்விடுவார்களே என்று எங்கள் குழுவிலேயே ஒருமுறை விவாதம் வந்தது. கதவு பூட்டியிருப்பதால் மட்டும் ஒருவர் எங்களோடு இருக்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

வருமானமே இல்லாமல் ஆறு மாதம் சர்வர்களை ஓட்டும் அளவுக்கு ஒரு தொகையைத் தனிக் கணக்கில் வைத்திருக்கிறோம். அதைத் தொடுவதில்லை. கடவுச்சொற்களும் செயல்முறைகளும் எழுதி, என்னைத் தவிர இன்னும் இரண்டு பேரிடம் இருக்கின்றன.

இதெல்லாம் காகிதத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்க, சென்ற ஆண்டு ஒரு வாரம் நான் போனை அணைத்துவிட்டு வீட்டிலேயே இருந்தேன். நான் இல்லாமல் எல்லாவற்றையும் செய்து பார்க்கச் சொல்லியிருந்தேன். கிட்டத்தட்ட எல்லாமே நடந்தது. ஒன்று மட்டும் நடக்கவில்லை. எங்கள் தளத்தின் பெயரைப் புதுப்பிக்கும் அறிவிப்பு என் சொந்த மின்னஞ்சலுக்கு வந்துகொண்டிருந்தது, வேறு யாராலும் அதைத் திறக்க முடியவில்லை. போனைத் திறந்த அன்றே அதை நிறுவனத்தின் பொது முகவரிக்கு மாற்றினோம். இந்த ஆண்டும் அந்த ஒரு வாரச் சோதனையைச் செய்யப் போகிறோம்.